கொடிக்கு முந்திய கை

கட்டடம் எழும்பும் அந்த இடத்தில் அவரைக் 'கை' என்றுதான் கூப்பிடுவார்கள். தாய் தகப்பன் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் உறங்கிக்கொண்டிருந்தது. கிரேனுக்குக் கீழே நின்று மேலே இருப்பவனுக்குச் சைகை காட்டுவது அவர் வேலை. ஒரு விரல் மேல் நோக்கிச் சுழன்றால் சுமை ஏறும், கீழ் நோக்கிச் சுழன்றால் இறங்கும். வலது கை நேராக உயர்ந்து உள்ளங்கை விரிந்துவிட்டால், என்ன, ஏது என்று கேட்கக் கூடாது. எல்லாம் அப்படியே நிற்க வேண்டும்.

மேலே இருப்பவன் கிரேன் ஆபரேட்டர். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவான், சாப்பாடும் அங்கேயே என்பதால் அவனுக்கு 'மாடி' என்று பெயர் வந்தது. இருபது மாடி உயரத்துக் கண்ணாடிக் கூண்டிலிருந்து பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. கையின் கைதான் அவனுக்குக் கண். ஒன்பது வருஷமாக இவர் நிறுத்து என்றால் அவன் நிறுத்தியிருக்கிறான். ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. கேட்கிற நேரத்தில் கீழே ஒருவனுடைய கால் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கை ஒரு கொடியைப் பிடிக்கும். ஊரின் கால்பந்து லீகில் அவர் துணை நடுவர், அதாவது கோட்டோரமாக ஓடும் லைன்ஸ்மேன். பிழைக்க வந்த ஊர் இது. பள்ளிக்கூடத்தில் இரண்டு மொழி படித்தவர்தான். ஆனாலும் ஏதாவது அலுவலகக் கவுன்ட்டருக்கு முன்னால் நின்றால் இரண்டும் சேர்ந்து காலை வாரிவிடும். வீட்டிலேயே சொல்லிப் பார்த்துவிட்டுப் போன வாக்கியம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "என்ன?" என்று நிமிர்ந்ததும் ஆவியாகிவிடும். விசா புதுப்பிக்கப் போகிற நாளில் அவர் காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை.

கோட்டோரத்தில் மட்டும் அந்தப் பயம் கிடையாது. அங்கே ஆட வருகிறவர்களில் பனியில் ஆடி வளர்ந்தவன் உண்டு, கடல் மணலில் வெறுங்காலோடு ஆடியவன் உண்டு, தகர டப்பாவை உதைத்துப் பழகியவன் உண்டு. பக்கத்துக்குப் பதினொரு பேர், ஒரு பந்து, பதினேழு விதி. இதில் எதையும் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. உலகத்தின் அந்தக் கோடியில் எவனோ ஒருவன் இந்த நிமிஷம் கொடியை நேராகத் தூக்கினால் அதற்கு என்ன அர்த்தமோ, இவர் தூக்கினாலும் அதே அர்த்தம். இவ்வளவு பெரிய பூமியில் தான் பிசிறில்லாமல் பேசுகிற ஒரே மொழி இதுதான் என்று அவருக்கு ஒரு எண்ணம். அதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த மொழியில் மேல் வகுப்புக்குப் போக அவருக்கு ஒரே ஒரு ஆட்டம் மிச்சம் இருந்தது. லீகின் மேல் பட்டியலில் இடம் கிடைத்தால் பெரிய மைதானம், விளக்கு, உட்கார்ந்து பார்க்கிற கூட்டம். ஆனால் நாற்பத்திரண்டு வயது முடிந்தவர்களைப் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். அவருக்கு இன்னும் மூன்று வாரத்தில் முடிகிறது. ஏற்கெனவே இரண்டு முறை மதிப்பீட்டுக்குப் போய்த் திரும்பியாயிற்று. இரண்டு தாளிலும், மதிப்பிட்ட ஆள் வேறு என்றாலும், ஒரே வரி எழுதியிருந்தது: 'கொடி அவசரப்படுகிறது.'

விஷயம் இதுதான். எதிரணியின் கோலுக்கு அருகே, தடுப்பவர்களைத் தாண்டி முன்னாலேயே போய் நின்றுகொண்டு பந்தை வாங்கக் கூடாது. அது ஆஃப்சைடு. ஆனால் அப்படி ஒருவன் நிற்பது மட்டும் குற்றமில்லை. பந்து அவனுக்குத்தான் போகிறதா, அவன் அதற்குக் குறுக்கே வருகிறானா என்று பார்த்துவிட்டுத்தான் கொடி உயர வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டும். ஆறு நாள் 'தாமதித்தால் சாவு' என்று பழகிய தோளுக்கு, ஏழாம் நாள் 'பொறு' என்று சொன்னால் எப்படிக் கேட்கும்?

மூன்றாவது மாடியில் அவர்களுடைய வீடு. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி, சாப்பாட்டு மேஜையில் நாலு டம்ளரை வைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டி, அவருக்கு இரண்டு மாதமாகப் பயிற்சி கொடுத்தாள். டம்ளர்தான் ஆட்டக்காரர்கள். அவர் அடுப்போரம் கொடியோடு நிற்பார்.

"இப்பத் தூக்கணுமா?" என்பாள்.

"இல்ல. பழத்த இன்னும் யாரும் தொடல."

"தொட்டாச்சு."

"தொட்டது பின்னால இருந்து வந்த பச்ச டம்ளர். அவன் மேல தப்பில்ல. தூக்கக் கூடாது."

"அப்புறம் எதுக்குங்க தோள் துடிக்குது? கோழி தலைய ஆட்டற மாதிரி."

"அது பழக்கம்."

"ஒண்ணு, ரெண்டு எண்ணிட்டுத் தூக்குங்க. கல்யாணத்துக்குத் தலையாட்டறதுக்கு முன்னால நானும் இப்படி எண்ணியிருக்கணும்."

"எண்ணியிருந்தா?"

"மூணு, நாலுன்னு எண்ணிக்கிட்டே ஓடியிருப்பேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பழத்தை உருட்டுவதை நிறுத்தவில்லை. பதினாறு கட்டுப் படுக்கை விரிப்புகளை மடித்துவிட்டு வந்த கையோடு, இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு முறை என்று உருட்டினாள். கடைசி வாரம் கொடி அடங்கிவிட்டது. ஒண்ணு, ரெண்டு எண்ணாமல் அது அசையவில்லை.

மதிப்பீட்டு ஆட்டம் எது என்று தாள் வந்தபோது, அதை இரண்டு முறை படித்தார். நீலச் சட்டை அணிக்கும் ஆரஞ்சுச் சட்டை அணிக்கும் கடைசி ஆட்டம். நீலம் கட்டடத் தொழிலாளர்களின் அணி. அதன் கேப்டன், பின்வரிசைத் தடுப்பாளன், மாடி. ஒரே இடத்தில் வேலை பார்க்கிறோம் என்று அவர் லீகுக்கு எழுதிப் பார்த்தார். இந்த ஊரில் யாரோடும் வேலை பார்க்காத நடுவரை நாங்கள் எங்கே போய்த் தேடுவது என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் மாடி கூண்டிலிருந்து சீக்கிரமே இறங்கி வந்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, காலைல ஒரு தடவ உன் கை ரெண்டாத் தெரிஞ்சுது."

"தூக்கம் பத்தல."

"எட்டு மணி நேரம் தூங்கினேன்ணே. அடுத்த மாசம் கண்ணு டெஸ்ட் வருது. ஃபெயில் பண்ணிட்டா கீழ எறக்கிருவாங்க. கீழ வந்து நான் என்ன பண்றது? உன் பக்கத்துல நின்னு ரெண்டு கையையும் ஆட்டறதா?"

"நீ ஆட்டினா மேல இருக்கறவன் எறங்கி ஓடிருவான்டா."

அவன் சிரித்தான். அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றது. "இல்லாதத இருக்கற மாதிரி பாத்துட்டா என்ன ஆகும்ணே? அதான் பயமா இருக்கு. தெரியலன்னாக்கூடப் பரவால்ல."

இவர் அவனுடைய தோளில் ஒட்டியிருந்த சிமென்ட் தூசியைத் தட்டிவிட்டார்.

ஞாயிறு பிற்பகல், மூன்று மணி. மைதானத்துக்கு அந்தப் பக்கம், மடக்கு நாற்காலியில், மடியில் அட்டையும் தாளுமாக மதிப்பிடும் அம்மாள் உட்கார்ந்திருந்தார். தலையில் தொப்பி. அவர் முகம் இங்கிருந்து தெரியவில்லை. தெரியாதது ஒரு வகையில் நல்லது என்று இவர் நினைத்துக்கொண்டார். நினைத்த பிறகும் பத்துத் தடவை அந்தப் பக்கம் பார்த்தார்.

நடுவர் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். ஆட்டத்துக்கு முன்னால் துணை நடுவர்கள் இருவரையும் கூப்பிட்டு, வீட்டுப்பாடம் சொல்வதுபோல் சொன்னார்.

"கோல் விழுந்து எல்லாம் சரியா இருந்தா, நீங்க நடுக்கோட்டப் பாத்து ஓடுங்க. அதப் பாத்து நான் கோல் குடுத்துருவேன். ஏதாவது சந்தேகம்னா ஓடாதீங்க. நின்ன எடத்துலயே நில்லுங்க. நான் வந்து கேக்கறேன். சரிதான?"

"சரிங்க சார்."

"சார்னு சொல்லாதீங்க. பசங்க ஞாபகம் வருது. ஞாயித்துக்கிழமையாவது நிம்மதியா இருக்கேன்."

முதல் பாதி நன்றாகவே போயிற்று. ஆரஞ்சு அணி அவருடைய பக்கத்துக் கோலைக் காத்தது. இரண்டு ஆஃப்சைடு, இரண்டும் சரி. ஒண்ணு, ரெண்டு, பிறகு கொடி. இடது கையில் இருக்கும் கொடியை வலது கைக்கு மாற்றித்தான் தூக்க வேண்டும் என்பது முறை. அப்போதுதான் நடுவருக்கு நன்றாகத் தெரியும். மாற்றினார், தூக்கினார். எதிர்ப்பக்கம் தொப்பி குனிந்து ஏதோ எழுதியது.

இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாறின. இப்போது நீலம் இவர் பக்கத்துக்கு வந்தது. ஆஃப்சைடு கோடு என்று தரையில் எதுவும் வரைந்திருப்பதில்லை. கோல் கீப்பரை விட்டால் கடைசியாக நிற்கும் தடுப்பாளன் எங்கே நிற்கிறானோ அதுதான் கோடு. அவன் முன்னேறினால் லைன்ஸ்மேனும் முன்னேற வேண்டும், பின்வாங்கினால் பின்வாங்க வேண்டும். அந்தக் கடைசி ஆள் மாடி. நாற்பத்தைந்து நிமிஷம் இருவரும் ஒரே நேர்கோட்டில், ஒருவன் உள்ளே, ஒருவர் வெளியே, ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். வேலையில் இவர் அசைந்தால் அவன் அசைவான். இங்கே அவன் அசைந்தால் இவர்.

ஒன்றுக்கு ஒன்று. சமன் ஆனாலே கோப்பை நீலத்துக்கு. எண்பதாவது நிமிஷத்தில் மாடிக்கு மூச்சு வாங்கியது. இடுப்பில் கை வைத்து நின்று, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

எண்பத்து மூன்று. ஆரஞ்சு அணிக்காரன் ஒருவன் நடுவிலிருந்து நீளமாக ஒரு பந்தை உதைத்தான். உதைத்த நொடியில் அவர்களுடைய ஒன்பதாம் எண், மாடிக்கு இரண்டடி முன்னால், கோல் பக்கமாக நின்றிருந்தான். நிற்கக் கூடாத இடம். இவர் பார்த்துவிட்டார். ஒண்ணு. ஆனால் பந்து ஒன்பதுக்குப் போகவில்லை. ஓரத்தில், பின்னாலிருந்து ஓடிவந்த பதினொன்றாம் எண்ணுக்குப் போனது. ஒன்பதும் கையை விரித்து ஒதுங்கி நின்றான். குற்றமில்லை. ஆட்டம் போகட்டும். ரெண்டு.

கொடி இடது கையில் அப்படியே தொங்கியது. அது கற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் பயிற்சி முழுவதையும் கொடிக்கல்லவா கொடுத்திருந்தார்? வலது கைக்கு யார் கொடுத்தது? வெறுமையாக இருந்த அந்தக் கை, யாரையும் கேட்காமல், நேராக மேலே போயிற்று. உள்ளங்கை விரிந்தது.

அரை நொடி. அடுத்த அரை நொடியில் அவரே அதை இழுத்துக் கீழே போட்டுக்கொண்டார். அதற்குள் மாடி நின்றுவிட்டான்.

பதினொன்றாம் எண்ணைவிட ஒரு காலடி முன்னால் பந்தை எட்டியிருக்க வேண்டியவன், ஓரக்கண்ணால் கோட்டைப் பார்த்து, ஆணி அடித்ததுபோல நின்றான். ஒன்பது வருஷம் பழகிய நிற்பு அது. பதினொன்று அவனைத் தாண்டி ஓடி, கீப்பரின் வலப்பக்கமாகப் பந்தை உருட்டி வலைக்குள் விட்டான்.

ஆரஞ்சுச் சட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. நடுவர் திரும்பி இவரைப் பார்த்தார். இப்போது ஓட வேண்டும். ஓடினால் கோல். சட்டப்படியும் கோல்தான். விசில் ஊதவில்லை, கொடி உயரவில்லை. கையை யாரும் பார்க்கவில்லை. நடுவர் பந்தைப் பார்த்திருந்தார், தொப்பிக்கார அம்மாள் எண்பது கஜத்துக்கு அந்தப் பக்கம். நாற்பது அடி ஓடினால் மேல் பட்டியல். ஓடு என்று கால் துடித்தது.

நீல அணியின் கீப்பர் மாடியின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா நின்ன? சொல்லுடா! மரம் மாதிரி ஏன்டா நின்ன?"

"கை... கை தூக்கினாரு."

"எவன் தூக்கினான்? கொடி கீழதான தொங்குது! கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?"

மாடி கோட்டுப் பக்கம் திரும்பினான். கொடியைப் பார்த்தான். தொங்கும் வலது கையைப் பார்த்தான். பிறகு இரண்டு கண்ணையும் விரலால் அழுத்தி மூடிக்கொண்டு, மறுபடி திறந்து பார்த்தான். கோபம் இல்லை அந்த முகத்தில். வெள்ளிக்கிழமை பாதியில் நின்ற சிரிப்புக்கு அப்புறம் வந்த அதே முகம்.

இவர் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

கணக்கு வாத்தியார் வேகமாக நடந்து வந்தார். "என்ன? ஆஃப்சைடா?"

"இல்லீங்க. ஒம்பது பந்தத் தொடல. பதினொண்ணு சரியா வந்தான்."

"அப்புறம் ஏன் நிக்கிறீங்க? ஓடுங்க."

"நான் கை தூக்கிட்டேன்."

"கொடியா?"

"கொடி இல்ல. வெறும் கை. எங்க வேலைல அது நிறுத்துன்னு அர்த்தம். நீலச் சட்ட கேப்டன் அதப் பாத்துத்தான் நின்னான்."

நடுவர் ஒரு கணம் அவரை, புத்தகத்தில் இல்லாத கணக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் விசில் ஊதல. விசில் ஊதற வரைக்கும் ஆடணும், அதான் சட்டம். கோல் கோல்தான், அத மாத்த முடியாது. புரியுதா? நீங்க சொன்னதால ஒண்ணும் மாறப்போறதில்ல. அந்தம்மா கேட்டா ஆஃப்சைடு சந்தேகம்னு சொல்லிக்குங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"அவன்கிட்டச் சொல்லணுங்க."

"யார்கிட்ட?"

கேப்டன் என்ற முறையில் மாடி அதற்குள் பக்கத்தில் வந்திருந்தான். மூச்சு இரைத்தது. இவரையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தூக்கினியா, தூக்கலையா?"

"தூக்கினேன்டா."

"நெசமா?"

"நெசமா. தப்பு என்னுது. உன் கண்ணு நல்லா இருக்கு."

மாடி குனிந்து முழங்காலில் கை ஊன்றினான். அழுகிறான் என்று கீப்பர் நினைத்தான். அழவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. கோப்பை போய்க்கொண்டிருக்கிற ஒருவன் முகத்தில் இருக்கவே கூடாத வெளிச்சம். "சரி, ஆட்டத்த ஆரம்பிங்க" என்று நடுவரிடம் சொல்லிவிட்டு நடுவட்டத்துக்கு ஓடினான். நீல அணியின் மற்றவர்கள் அவ்வளவு சுலபமாக விடவில்லை. கோட்டைக் கடந்து போனவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு மொழியில் இவருக்கு அர்ச்சனை செய்தார்கள். ஒன்றும் புரியவில்லை. எல்லாம் புரிந்தது. மிச்சம் ஏழு நிமிஷமும் அவர் வலது கையைக் கால்சட்டையின் ஓரத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஓடினார். நீலம் தோற்றது.

மதிப்பிடும் அம்மாள் உடை மாற்றும் அறை வாசலில் காத்திருந்தார். கிட்டத்தில் பார்த்தால் சாந்தமான முகம்.

"எம்பத்து மூணாவது நிமிஷம் நல்ல கோல். நீங்க ஏன் ஓடல?"

கவுன்ட்டருக்கு முன்னால் நிற்பதுபோல நாக்கு ஒட்டிக்கொண்டது. வாத்தியார் கொடுத்த வாக்கியம் நாக்கு நுனியிலேயே, சுலபமாக, இலக்கணப் பிழை இல்லாமல் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, தடுமாறித் தடுமாறி, நடந்ததைச் சொன்னார். நடுவில் இரண்டு வார்த்தை கிடைக்காமல், கையையே தூக்கிக் காட்டினார்.

அந்த அம்மாள் தாளை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் கையப் பாக்கவே இல்ல. நீங்க நின்னதத்தான் பாத்தேன்." பேனா முனையால் கட்டங்களைத் தடவிக்கொண்டே போனார். "இத எந்தக் கட்டத்துல எழுதறதுன்னே தெரியல. கொடி ரொம்ப நல்லா இருந்துச்சு. இதுக்கு முன்னால எழுதின ரெண்டு தாளும் படிச்சேன். அந்தக் குற எங்கயும் இல்ல."

பேனா ஒரு கட்டத்தில் வந்து நின்றது.

"ஆனா தப்பான சைகையால ஒரு ஆட்டக்காரர் நின்னு, கோல் விழுந்திருக்கு. அத எழுதாம விட எனக்கு அதிகாரம் இல்ல. எழுதிட்டா மேல போக முடியாது. வருத்தமா இருக்கு."

"எழுதுங்கம்மா."

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததும் அவருடைய முகத்தைப் பார்த்தாள். மேஜையிலிருந்த நாலு டம்ளரையும் எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். எலுமிச்சம்பழத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள்.

"கொடி அவசரப்பட்டுச்சா?"

"இல்ல. கொடி எண்ணிச்சு. கைதான் எண்ணல."

"அந்தக் கைக்கு நான் என்னத்த உருட்டுவேன்" என்றாள். பிறகு பழத்தை அறுத்து, இருவருக்கும் சர்க்கரை போட்டுக் கலக்கினாள்.

திங்கள் காலை காற்று பலமாக இருந்தது. பதின்மூன்றாவது தளத்துக்கு வார்த்து முடித்த கான்கிரீட் படிக்கட்டு ஒன்று ஏற வேண்டும். ஒரே துண்டாக மூன்று டன். இவர் சங்கிலியைச் சரிபார்த்து, தடுப்புக் கயிற்றைக் கட்டி, ஆட்களை விலக்கி, விரலைச் சுழற்றினார். சுமை தரையை விட்டது. ஆளுயரம், இரண்டாளுயரம். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஃபோனைப் பார்த்துக்கொண்டே, ஒரு பிளம்பர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தான். காற்று சுமையை அவன் பக்கமாகத் திருப்பியது.

ஒண்ணு என்று எண்ணினாரா? இரண்டு மாதம் எண்ணியே பழகிய மனசு ஒருவேளை எண்ணியிருக்கலாம். கை காத்திருக்கவில்லை. நேராக மேலே போயிற்று, உள்ளங்கை விரிந்தது.

மேலே கூண்டு மட்டும் தெரிந்தது. வெயிலில் கண்ணாடி மின்னியதால் உள்ளே இருப்பவன் முகம் தெரியவில்லை. அந்த ஒரு நொடியில் அவருக்கு வேறு எதுவும் கேட்கவில்லை, காற்றுகூட. ஞாயிற்றுக்கிழமை பொய்யாக உயர்ந்த கையை இன்றைக்கு அவன் நம்புவானா?

கொக்கி நின்றது. சங்கிலி ஒருமுறை முனகியது. படிக்கட்டு, பிளம்பரின் தலைக்குக் கொஞ்சம் தள்ளி, காற்றில் மெல்ல ஆடி அடங்கியது. அவன் ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமலேயே அந்தப் பக்கமாக நடந்து போய்விட்டான்.

இவருடைய கை இன்னும் மேலேயே இருந்தது. இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"அண்ணே."

"சொல்லுடா."

"ஒரு கைதான?"

"ஒரு கைதான்."

"எனக்கும் ஒண்ணுதான் தெரியுது" என்றான் மாடி. "எறக்குண்ணே. வலிக்கப் போகுது."